அத்தையின் கண்ணுக்கு ஒரு கேமரா

"போன்ல எடுத்தா எனக்குப் படம் எடுத்த மாதிரியே இல்லடா" என்றார் அத்தை. வயதானவர்களின் வழக்கமான சலிப்பு என்று நினைத்து நான் அவருடைய போனை வாங்கிச் செட்டிங்கைத் திறந்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கேமரா குறியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். ஓரத்தில் இருக்கும் ஒலிப் பட்டனை அழுத்தினாலும் படம் விழும் என்று செய்து காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி, ஆனா இது போன்தானே" என்று திருப்பி வாங்கிக்கொண்டார்.

அந்தத் "தானே" வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருந்தது. அவர் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருந்ததால் ஒரு கேமரா வாங்கித் தந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். நடுத்தரமான ஒரு புதுப் போனின் விலையில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. விலை உயர்ந்த பொருளை அத்தை பயன்படுத்த மாட்டார், பத்திரப்படுத்துவார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா பரிசளித்தேன். இரண்டு லென்ஸ், ஒரு பை, லென்ஸைத் துடைக்கத் தனித் துணி. உண்மையில் அது நான் ஆசைப்பட்ட கேமரா. எனக்கு நானே வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு அவர் பெயரில் வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா மகிழ்ந்துபோய் எல்லோரிடமும் காட்டினார். அப்புறம் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆறேழு வருடம் கழித்து நான் கேட்டு வாங்கிப் பார்த்தபோது கார்டில் 11 படங்கள் இருந்தன. தேதியையும் நேரத்தையும் நான் அமைத்துக் கொடுக்காததால், எல்லாவற்றிலும் கேமரா தானாக வைத்துக்கொண்ட ஏதோ ஒரு ஜனவரி மாதம் பதிவாகியிருந்தது. அதில் ஒரு படத்தில் சித்தி வாய்விட்டுச் சிரிக்கிறார். அது எந்த வருடம் என்று எங்கள் வீட்டில் இன்னும் தகராறு தீரவில்லை.

அதனால் இந்த முறை கேமராவைத் தேடுவதற்கு முன்னால் அத்தையைக் கவனிக்கலாம் என்று ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. மொட்டைமாடிக்குப் போய், "பூவெல்லாம் படம் எடுங்க அத்தை, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

போனைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க வேண்டியிருந்ததால் முகவாயைத் தூக்கிக்கொண்டார். வெயில் பட்டுத் திரை வெளுத்துப்போக, இடது கையால் நிழல் கட்டினார். ஆக, போன் வலது கையில் மட்டும் தொங்கியது. கட்டைவிரலால் வட்டத்தைத் தொட்டார், விழவில்லை. இன்னொரு முறை தொட்டார், அப்போதும் விழவில்லை. மூன்றாவது முறை அழுத்தித் தேய்த்ததில் வீடியோ ஓட ஆரம்பித்தது. தொடுதிரை, விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுகையை உணர்கிறது. வயதாகித் தோல் உலர்ந்துவிட்டால் விரல் சரியாகப் பதியாது. "இது என்னை மனுஷியாவே மதிக்கிறதில்ல" என்று அத்தை சிரித்தார்.

அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. இரண்டு விரலால் திரையை விரித்து அதைப் பெரிதாக்கினார். குருவி பெரிதாகப் பெரிதாக ஈரத்தில் ஊறிய வண்ணக் காகிதம் போல ஆனது. அந்த நேரம் பார்த்து யாரோ அழைக்க, திரையில் குருவி போய் அழைத்தவரின் முகம் வந்தது. பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் குருவி இல்லை.

இந்தப் பத்து நிமிடத்தில் நான் தெரிந்துகொண்டது, எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளைப் படித்தும் தெரியாத விஷயம். அத்தைக்கு வேண்டியவை மூன்றுதான்: விரலால் அழுத்தி உள்ளே போகிற நிஜமான ஒரு பட்டன், தூரத்தில் இருப்பதை உண்மையிலேயே கிட்டக் கொண்டுவருகிற லென்ஸ், கையை நீட்டாமல் கண்ணில் ஒட்டிவைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல். படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளி என்று சொல்லும் மெகாபிக்சல் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அத்தை மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அம்மாவுக்கு எதுக்கு கேமரா? அந்தக் காசுக்கு நல்ல போனா வாங்கிக் கொடேன்" என்றாள். நியாயமான கேள்விதான். மலிவான கேமரா எடுக்கும் படம், இன்றைய சுமாரான போன் எடுக்கும் படத்தைவிட நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் போன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சலைக் கழித்து, நிழலைத் தூக்கி, ஒரு படமாக்கித் தருகிறது. மலிவு கேமராவில் அந்தக் கணக்குப் போடும் மூளை கிடையாது. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரும் பெரும்பாலும் 1/2.3 அங்குல வகைதான். பெயரைக் கேட்டால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று தோன்றும். அளந்தால் சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயர் சொல்லும் வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் போய்விட்டது, அளவுப்பெயர் மட்டும் போகவில்லை. ஒரு அங்குல சென்சார் என்று விற்பதும் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான்.

அதனால் அத்தை மகளிடம், "படம் நல்லா வர்றதுக்கு இல்ல, அவங்க படம் எடுக்கிறதுக்கு" என்றேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். குருவிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, ஆனா சார்ஜ் போடச் சொல்லி என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் பட்டவை எல்லாம் பெயர் தெரியாத நிறுவனங்களின் கேமராக்கள். 48 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16 மடங்கு ஜூம், விலையோ என் கணக்கில் பாதிகூட இல்லை. பரிசு வாங்குபவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது, பழைய போனில் இருப்பது போன்ற ஒரு சின்னச் சென்சார். அது பிடிப்பது அந்த எண்ணில் ஒரு பகுதிதான். மிச்சப் புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பிவிட்டு 48 என்று எழுதுகிறார்கள். பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டர் கணக்குக் காட்டுவது மாதிரி. 16 மடங்கு ஜூமில் லென்ஸ் ஒரு இம்மிகூட நகராது. போனில் விரலை விரிக்கிற அதே டிஜிட்டல் ஜூம்தான். அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது. பெட்டியில் "ஆப்டிகல் ஜூம்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லை என்றால் வேறு எதையும் படிக்க வேண்டியதில்லை.

எண் ஏறினால் முன்னேற்றம் என்று நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் நீளவாக்கில் 100, அகலவாக்கில் 100 புள்ளிகள்தான், அதாவது 0.01 மெகாபிக்சல். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆனது. அங்கிருந்து ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஏறிவந்தபோது ஒவ்வொரு ஏற்றத்திலும் படம் கண்கூடாக மாறியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு மாறவில்லை. அத்தை படங்களைப் பார்ப்பது ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்டில். அச்சுக்கான வழக்கமான கணக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் 1800க்கு 1200, சுமார் 2 மெகாபிக்சல். ஏ4 தாள் அளவுக்குப் பெரிதாக்கினாலும் 9-ஐத் தாண்டாது. கடைசியில் நான் வாங்கியது 12 மெகாபிக்சல் கேமரா. அதன் கதைக்கு வருகிறேன்.

பெயர் தெரிந்த நிறுவனங்களின் மலிவு கேமரா புதிதாக வேண்டும் என்றால் இப்போது தேர்வு மிகக் குறைவு. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்கில் 2010-ல் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. நடுவில் போன் வந்து விழுங்கியது பெரும்பாலும் இந்தச் சின்னக் கேமராக்களைத்தான். அதனால் பெரிய நிறுவனங்கள் விலை கூடிய மாடல்களின் பக்கம் ஒதுங்கிவிட்டன. இன்றும் மலிவாகப் புதிதாகக் கிடைப்பவற்றில் கோடாக் பிக்ஸ்ப்ரோ வரிசை இருக்கிறது. பெயர் மட்டும்தான் கோடாக், உரிமம் வாங்கித் தயாரிப்பது வேறொரு நிறுவனம். எஃப்ஜெட்45 என்ற மாடலில் 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், இரண்டு பென்சில் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் எங்கும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே பெரிய வசதி. என் அண்ணன் மகளுக்காக இருந்தால் யோசிக்காமல் இதையே எடுத்திருப்பேன். கீழே போட்டாலும் மனம் பதறாது. ஆனால் இதில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல் இல்லை. 4 மடங்கு ஜூமில் தொட்டி மேல் இருக்கும் குருவியும் கிட்ட வராது.

நீரில் நனைந்தாலும் கெடாத கேமரா, எடுத்த கையோடு படத்தைத் துப்பும் இன்ஸ்டாக்ஸ் வகை இரண்டையும் கொஞ்சம் யோசித்தேன். அத்தை நீச்சல் அடிப்பதில்லை. இன்ஸ்டாக்ஸில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு ஃபிலிம் செலவு. அத்தையின் சுபாவத்துக்கு அது சரிவராது, நல்ல தருணம் வரட்டும் என்று காத்துக் காத்து ஃபிலிமைக் காலாவதியாக்கிவிடுவார்.

ஜூமைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 30 மடங்கு என்பது குருவி 30 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பொருளல்ல. லென்ஸின் மிக நீண்ட நிலையை மிகக் குறுகிய நிலையால் வகுத்தால் வரும் விடை, அவ்வளவுதான். 24 மில்லிமீட்டரில் தொடங்கி 720-ல் முடிந்தால் 30 மடங்கு. அப்படி நீளும்போது லென்ஸின் வாய் குறுகுகிறது. அதைச் சொல்வதுதான் எஃப் எண், எண் ஏறினால் வாய் சின்னது. எஃப்3.3-ல் தொடங்கும் லென்ஸ் கடைசியில் எஃப்6.4-க்குப் போனால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். கூடவே, கையின் சின்ன நடுக்கமும் ஜூமுக்கு ஏற்றபடி பெரிதாகத் தெரியும். அதனால் நீண்ட ஜூம் என்பது பகல் வெளிச்சத்து விளையாட்டு. மாலை ஆறரைக்கு மேல் அதை எதிர்பார்க்கக் கூடாது. அத்தை மாடிக்குப் போவது காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்ச நேரமும். காலை போதும் என்று நினைத்தேன்.

நடுக்கத்துக்கு மருந்து ஜன்னல்தான். வியூஃபைண்டர் என்பதைப் பழைய காலத்து அலங்காரம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அது வேறு விஷயம். பின்பக்கத் திரையைப் பார்க்க வேண்டும் என்றால் கேமராவைத் தள்ளிப் பிடித்தாக வேண்டும். கை நீண்டால் நடுக்கம் கூடும். கண்ணில் ஒட்டிவைத்தால் நெற்றி ஒரு தாங்கல், இரண்டு முழங்கையும் விலாவில் இரண்டு தாங்கல். வெயிலும் மறைந்துவிடும். பல வியூஃபைண்டர்களின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். டயாப்டர் என்பார்கள். அதைத் திருப்பினால் பார்ப்பவரின் கண் பவருக்கு ஏற்றபடி காட்சி தெளியும், கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். சரிசெய்யும்போது குருவியைப் பார்க்கக் கூடாது, ஓரத்தில் தெரியும் எண்களைப் பார்க்க வேண்டும். எண் கூர்மையாகத் தெரிந்தால் கண்ணுக்குச் சரி. குருவி கூர்மையாவது லென்ஸின் வேலை.

சின்ன உடம்பு, நீண்ட ஜூம், வியூஃபைண்டர். மூன்றும் ஒன்றாக இருப்பவை குறைவு, புதிதாக என் பணத்துக்குள் இல்லவே இல்லை. ஆக, செகண்ட் ஹேண்ட்தான். அலசி அலசிக் கடைசியில் ஒன்றில் நின்றேன்: 2015-ல் வந்த பேனசோனிக் லூமிக்ஸ் டிஜெட்70. 24 முதல் 720 வரை ஜூம், கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, மூலையில் ஒரு சின்ன வியூஃபைண்டர். என்னை இதன் பக்கம் இழுத்தது இன்னொன்று. இதற்கு முந்தைய வருடத்து டிஜெட்60-ல் 18 மெகாபிக்சல், இதில் 12. சென்சாரின் அளவு அதேதான். எண்ணைக் கூட்டினால்தான் விற்கும் என்ற சந்தையில், ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று எண்ணைக் குறைத்திருக்கிறார்கள். அதற்காகவே ஒரு மரியாதை.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது பெண் பார்க்கப் போவது மாதிரி என்று ஒரு நண்பர் சொல்வார். எனக்கு அந்த உவமை பிடிக்காது, மாடு பிடிப்பது என்றால் ஒத்துக்கொள்வேன். பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முதலில் பார்த்த கேமராவை விற்றவர், "ஒரு குறையும் இல்ல சார், வீட்டுல சும்மாவே இருந்தது" என்றார். வெளியே கீறல்கூட இல்லை. வாசலுக்கு வந்து ஜூமை முழுக்க நீட்டி, வெறும் வானத்தை இரண்டு படம் எடுத்தேன். இரண்டிலும் மேல் வலது பக்கம், ஒரே இடத்தில், மூன்று சாம்பல் நிறப் பொட்டுகள். வானத்தில் பறவை என்றால் இரண்டு படத்துக்குள் இடம் மாறியிருக்கும். இது சென்சாரில் உட்கார்ந்த தூசி. இந்த வகை லென்ஸ் நீண்டு சுருங்கும்போது துருத்தி மாதிரி காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் உள்ளே துடைப்பதும் லேசில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கேமராவில் ஒரு மூலை தேய்ந்திருந்தது, அது பரவாயில்லை. லென்ஸ் வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் காதில் வைத்துக் கேட்டேன், நறநறப்பு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரியான பூஞ்சை இல்லை. பேட்டரி வைக்கும் குழியில் பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை. பேட்டரி மட்டும் லேசாக வயிறு ஊதியிருந்தது. அதற்குப் புதுசு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாங்குவதற்கு முன்பே அந்த மாடலுக்குப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவைத்திருந்தேன். கேமரா நன்றாக இருந்து பேட்டரி கிடைக்காவிட்டால் அது காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் உதவும். கார்டு விஷயமும் அப்படியே. மிகப் பழைய ஒலிம்பஸ், ஃபுஜி கேமராக்களில் எக்ஸ்டி கார்டு, பழைய சோனியில் மெமரி ஸ்டிக். இன்று அவற்றைத் தேடி அலைய வேண்டும். எஸ்டி கார்டு போடும் கேமராவிலும், பழையவை பல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது, மிகப் பழையவை 2 ஜிபியைத் தாண்டினாலே படிக்காது. இன்னொன்று, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காக வந்த சோனி மாடல்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு மொழி மாற்றும் இடத்தைத் தேடிப் பயனில்லை.

(இந்தப் பழைய கேமராக்களுக்கு இப்போது இளைஞர்களிடம் திடீர் மவுசு வந்துவிட்டது. சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் இருந்தால் போதும், படத்தில் ஏதோ ஒரு மந்திரம் இருக்கிறது என்று விலை ஏற்றுகிறார்கள். அந்தப் படங்களின் குணத்தில் பாதி சென்சாரால் வருவதே இல்லை, முகத்தில் அறைகிற ஃப்ளாஷால் வருவது. சரி, அவர்கள் சந்தோஷம் அவர்களுக்கு.)

கேமராவை வாங்கியதோடு பரிசு தயாராகிவிடவில்லை. சித்தப்பா விஷயத்தில் நான் செய்யத் தவறியதெல்லாம் இனிமேல்தான். பெட்டியைப் பிரிக்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. கேமராவுக்கு அது பொருந்தாது. பேட்டரி சார்ஜ் இல்லாமல், கார்டு இல்லாமல், தேதி கேட்டு மிரட்டும் திரையோடு ஒரு கேமராவைக் கையில் கொடுத்தால் முதல் அரை மணி நேரத்திலேயே பயம் பிடித்துவிடும். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். புதுப் பேட்டரி இரண்டு வாங்கி, இரண்டையும் நிரப்பினேன். 32 ஜிபி கார்டு போட்டுக் கேமராவிலேயே ஃபார்மட் செய்தேன். 12 மெகாபிக்சலுக்கு அதில் ஐந்தாயிரம் படத்துக்கு மேல் நிற்கும், அத்தைக்கு வருடக்கணக்கில் போதும். தேதியையும் நேரத்தையும் அமைத்தேன், இரண்டு முறை சரிபார்த்தேன். ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நேரம் உள்ளே எழுதப்படுகிறது. முதல் நாளே தவறினால் எல்லாமே தவறு. டிஜிட்டல் ஜூமை நிறுத்தினேன். லென்ஸ் எதுவரை போகுமோ அதுவரை போய் நின்றுவிடட்டும். பட்டன் ஒலிகளை எல்லாம் அடக்கினேன், ஷட்டர் ஒலியை மட்டும் கூட்டிவைத்தேன். "படம் எடுத்த மாதிரியே இல்ல" என்று சொன்னவருக்கு அந்தச் சத்தம்தான் ரசீது.

மேலே இருக்கும் டயலைத் தானியங்கி நிலையில் வைத்தேன். பையில் போடும்போதும் எடுக்கும்போதும் இந்த டயல் தானாகத் திரும்பிவிடும். அப்புறம் படம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழும், கேமரா கெட்டுவிட்டது என்று பீரோவுக்குப் போய்விடும். அதனால் ஒரு சின்னச் செலோடேப் துண்டை டயல் மேலும் உடம்பு மேலுமாக ஒட்டிவிட்டேன். பார்க்க நன்றாக இல்லைதான்.

படங்களை வெளியே எடுக்கும் வழியைத்தான் அதிகம் யோசித்தேன். கேமராவில் வைஃபை இருந்தது. போனில் ஒரு செயலியைப் போட்டு, கேமராவின் வலையமைப்பில் சேர்ந்து, கடவுச்சொல் கொடுத்து... நானே இரண்டு முறை தோற்றேன். அதற்குப் பதில் போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்று வாங்கினேன், கட்டைவிரல் நீளம். கார்டை அதில் செருகிப் போனில் மாட்டினால் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். இதை அத்தை மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். சார்ஜ் போடும் தொந்தரவு வேண்டாம் என்றவள், இதற்கு ஏனோ முணுமுணுக்கவில்லை.

பிறந்தநாளன்று அத்தை கேமராவைக் கையில் வாங்கி, முதலில் எடை பார்த்தார். அப்புறம் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஜன்னலில் கண்ணை வைக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அந்தக் குட்டிச் சக்கரத்தை அவர் விரலாலேயே திருப்பவிட்டேன். "மங்கலா இருக்கு... மங்கல்... இன்னும் மங்கல்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. கேமராவை மெதுவாக இடமிருந்து வலமாகக் கொண்டுபோனார், சுவர்க் கடிகாரம், அலமாரி, என் முகம் என்று. என் முகத்தில் வந்து நின்று, பட்டனைப் பாதி அழுத்தச் சொன்னதை மறந்து முழுக்க அழுத்தினார். கிளிக். "நீ ஏன்டா இவ்வளவு நரைச்சுட்ட?"

பாதி அழுத்திக் குறிபார்ப்பது அவருக்கு இரண்டு வாரத்தில் பழகியது. முதல் மாதத்துப் படங்கள் 200க்கு மேல். அதில் எழுபது எண்பது தொட்டியும் குருவியும். பாதியில் குருவி இல்லை, வெறும் தொட்டிதான். பத்துப் பதினைந்தில் வால் மட்டும். ஒரே ஒரு படத்தில் குருவி அலகில் ஒரு நார்த் துண்டை வைத்துக்கொண்டு நேராக லென்ஸைப் பார்க்கிறது, அலகில் இருக்கும் கீறல்வரை தெரிகிறது. அதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அத்தை அதன் பின்பக்கத்தில் தேதியைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார். தேதி படத்துக்குள்ளேயே இருக்கிறது அத்தை என்றேன். "உள்ள இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அழுத்தி எழுதியதில் குருவியின் வயிற்றில் ஒரு லேசான தடம் விழுந்துவிட்டது.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். இந்தச் செலவை என் பட்ஜெட்டில் நான் சேர்த்திருக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் கேமராவின் விலையை இது தாண்டிவிடும் போலிருக்கிறது.

போன வாரம் போனில் அழைத்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"டேய், அந்தச் சக்கரத்து மேல ஒரு டேப் ஒட்டியிருந்தியே, அதைப் பிச்சுட்டேன். ஒட்டல் போகல, கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைச்சேன். அதுல இங்கிலீஷ்ல 'ஏ'ன்னு ஒரு எழுத்து இருக்கே, அது என்ன?"

லென்ஸில் எண்ணெய் பட்டதா என்று கேட்டேன்.

"நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.